மதிப்பு

உள்ளே என்ன என்று கேட்பது என் வேலை.
பேட்டரி, விதை, மண், செடி
எதுவும் போகாது.

பூ, என்றாள் முதல் நாள்.
பூவும் போகாது, என்றேன்.
குழாயின் மூடியைத் திருகி
ஒரு சாண் இழுத்துக் காட்டினாள்.
சிவப்பு.
மூன்று மாதம் காயவைத்தும்
டர்பெண்டைன் வாடை விடாத சிவப்பு.
படிவத்தில் 'துணி' என்று எழுதினேன்.

ஒரிஸ்யா ஹ்னத்யுக்.
நான் தப்பாய்த் தட்டுவேன்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
ஓரோர் எழுத்தாய் விரலால் காற்றில் எழுதுவாள்.
தஞ்சோங் பூங்காவில் பதினோராவது மாடி.
மலாய்க்குப் பூ, நம் காதுக்குத் தோட்டம்,
அவளுக்கு வாடகை மலிவு.

காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீர்வண்ணம்.
மாலையில் தனக்கு.
குவீன் தெருவில் தொடுக்காத பூவாக வாங்குவாளாம்,
உதிரியாய்.
எந்தச் சாமிக்கு என்று பூக்காரர் கேட்டதற்கு
பதில் தெரியாமல்
ஐந்து ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

செம்பருத்தியை மட்டும் வாங்குவதில்லை.
அது வேலியோரம் கிடைக்கிறது.
பொல்தாவாவில் வீட்டுச் சுவரை ஒட்டி
ஆள் உயரத்துக்கு நிற்குமே மால்வா,
அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை என்றாள்.
இதழைப் பிய்த்து நரம்பைக் காட்டினாள்.
எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

கடலைத்தான் வரைய உட்காருகிறேன்,
மேலே நீலம் சரியாக வருகிறது,
கீழே எப்படியோ மஞ்சளாகிவிடுகிறது.
ஒரு முறை எண்ணெய்க் கப்பல் என்று காட்டினாள்.
வைக்கோல் வண்டி.
இரண்டு பேரும் சிரித்தோம்.

சட்டையில் குத்தியிருந்த என் பெயரைப் படித்து
அர்த்தம் கேட்டாள்.
குமுதவல்லி. குமுதம் என்றால் ஆம்பல்,
குளத்தில் பூப்பது.
அப்படியா, அதை வரைவது கஷ்டம்,
முதலில் தண்ணீரை வரைய வேண்டும், என்றாள்.
அவ்வளவுதான். எனக்கென்று எதுவும் வரைந்து தரவில்லை.

முகவரி மாறிக்கொண்டே வந்தது.
தெருவும் எண்ணும் இருந்தது முதலில்.
பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்.
பிறகு வேறு நாடு, ஸெஷூவ்,
'மேற்பார்வை' என்று யாரோ ஒருவர்.
பெறுபவர் பெயர் மட்டும் அதேதான்: லெஸ்யா, அக்கா.
நான் எதுவும் கேட்கவில்லை.
உள்ளே என்ன என்று மட்டுமே கேட்கலாம்.

பதினோரு மாதம் கழித்து ஒரு குழாய் திரும்பி வந்தது,
மூன்று லிபியில் ஒட்டுச்சீட்டு, ஒரு பக்கம் நசுங்கி.
போன் செய்தேன்.
101ஆம் பேருந்தில் வந்து இறங்கினாள்,
முகத்தில் வியர்வை பூத்திருந்தது.

கவுண்டர் மேலேயே விரித்தாள்.
வயல். தூரத்தில் ஒரு கொட்டகை.
வானத்திலிருந்து பாதி வயல் வரைக்கும்
வெள்ளையாய்ப் பூஞ்சணம்.
டிஷ்யூவை எடுத்து நீட்டினேன்.
வேண்டாம் என்று கையைத் தடுத்தாள்.
இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?

பூத்திருக்கிறது என்றுதான் சொல்வோம்.
பூஞ்சணமும் பூக்கும்,
நெருப்பின் மேல் சாம்பலும் பூக்கும்,
வழி பார்த்துப் பார்த்துக் கண்ணும் பூத்துப்போகும்.
கடைசியைச் சொல்லியிருக்க வேண்டாம்.
ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

நெடுநேரம் பார்த்திருந்தாள்.
பின்னால் ஒரு பையன் பாஸ்போர்ட் உறையோடு
காலை மாற்றி மாற்றி நின்றான்.
மறுபடி சுருட்டினாள், பூஞ்சணத்தோடு.
புதுக் குழாய், புதுப் படிவம்,
அதே முகவரி.

மதிப்பு என்ற கட்டத்தில் சுழியம் போட்டாள்.
கணினி சுழியம் ஏற்காது என்றேன்.
அப்படியானால் நீயே போடு என்றாள்.

ஒரு ரிங்கிட் என்று தட்டினேன்.
அனுப்புக் கட்டணம் நூற்றுப் பன்னிரண்டு.
சில்லறையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளும்போது
அவள் நகக்கண்ணில் இருந்த மஞ்சள்
என் விரலில் பட்டது.
சாப்பாட்டு வேளையில் கை கழுவினேன்.
போகவில்லை.